மலையிலிருந்து இறங்கும் தாய்

தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன என்று தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று தெரிவித்தபோது அதைக் கண்டு மகிழாதவர் இருந்திருக்க முடியாது. பிரசவம் என்றால் மறுபிறவி என்று நம் பாட்டிமார்கள் அஞ்சியிருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. ஒரு லட்சம் பிறப்புகளுக்கு உயிரிழக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை, 2018-20ஆம் ஆண்டுகளின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, தேசம் முழுமைக்கும் 97 ஆக இருக்கையில் இங்கே 54 ஆக இருந்தது. இரவும் பகலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2008ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் 108 வண்டியும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கப்படும் மகப்பேறு நிதியும் சேர்ந்து சாதித்த காரியம் இது. ஆயினும் மாநிலத்தின் சராசரி என்பது பெரும்பாலும் சமவெளியின் சராசரிதான். ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் சித்தேரியிலும் வண்டித்தடம் முடிந்த இடத்துக்கு அப்பால் குடியிருக்கும் ஜனங்களின் நிலைமையை அந்த எண்ணிலிருந்து அறிந்துகொள்ள வழியில்லை.

அத்தகைய ஊர் ஒன்றில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால், கெட்டியான கம்பளியின் இரு முனைகளையும் நீண்ட மூங்கிற்கழியில் முடிந்து தூளியாக்கி, அதில் அவளைக் கிடத்தி, முன்னும் பின்னுமாக நால்வர் தோள் கொடுக்க, ஒருவன் டார்ச் விளக்குடன் பள்ளமும் கல்லும் வருவதைச் சொல்லிக்கொண்டே முன்னே செல்ல, தோள் மாற்றுவதற்காக இன்னும் சிலர் பின்தொடர்வார்கள். இறக்கத்தில் தூளி சரியும்போதெல்லாம் அவளுடைய முழங்கால்கள் வயிற்றோடு வந்து அழுந்தும். பனிக்குடம் உடைந்திருந்தால் கம்பளி நனைந்து கனக்கும். மழைக்காலமாக இருந்தால் ஓடையில் நீர் வடியும்வரை அப்படியே நிற்கவேண்டியதுதான். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போய்விட்டால், சிகிச்சை கிட்டாத தாய்க்குச் சுமார் இரண்டு மணி நேரமே அவகாசம் உண்டு என்பது வைத்தியர்களின் கணக்கு. அடிவாரத்தில் வண்டி வந்து நிற்கிறது என்பது உண்மையே. அதனிடம் போய்ச் சேருவதற்குள்ளாகவே அந்த அவகாசத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது.

சாலை போடவேண்டும் என்பதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் காட்டு நிலத்தில் சாலை அமைக்க வனத்துறையின் அனுமதி கிடைத்து வேலை முடிவதற்குள் எத்தனையோ பிரசவங்கள் நடந்துவிடும் என்பதாலேயே, பழங்குடியினர் வசிக்கும் பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தப்பட்டன. நாள் நெருங்கும் கர்ப்பிணி முன்கூட்டியே வந்து தங்கிக்கொள்ளலாம். படுக்கையும் ஆகாரமும் உண்டு. மிக நல்ல யோசனை. இருந்தும் வரமாட்டேன் என்கிறவர்களும், வந்து இரண்டாம் நாளே புறப்பட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் கேட்டால், மலை ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று உத்தியோகஸ்தர்கள் தயங்காமல் பதில் சொல்லுகிறார்கள். இந்தப் பதிலை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டை நினைத்துப் பாருங்கள். மூத்த பிள்ளைக்கு நான்கு வயது, அடுத்ததற்கு இரண்டு, கொட்டிலில் ஆடுகள், கொல்லையில் அறுப்புக்கு நிற்கும் சாமை, கணவனோ கூலிவேலைக்கு வெளியூர் போயிருப்பான், அல்லது அவள் பொருட்டு அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வரவேண்டியவனாக இருப்பான். துணைக்கு மாமியார் வந்தால் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச ஆள் இல்லை. மாமியார் வீட்டில் இருந்தால் இவளுக்குத் துணை இல்லை. "நான் வந்து படுத்துக்கிட்டா அதுங்களை யாரு பாக்கறது?" என்று அவள் கேட்கும் கேள்வியில் அறியாமை எங்கே இருக்கிறது? மருத்துவமனைக்கு வா என்று அழைக்கத் தெரிந்த அரசாங்கம், அவள் வருவதற்கு வீடு கொடுக்கவேண்டிய விலையை இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் முறையீடு. மகப்பேறு நிதியாகிய 18,000 ரூபாயின் ரொக்கப் பகுதி இதற்கு உதவக்கூடும்தான். ஆனால் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தரப்படும் பிக்மி எண், ஆதார், வங்கிக் கணக்கு என்று எல்லாம் பொருந்திவந்து, தவணை தவணையாகக் கைக்குக் கிடைக்கும் பணம், சாமை அறுப்பு நடக்கும் அந்த வாரத்தில் ஓர் ஆளின் கூலிக்கு ஈடாக வந்து நிற்பதில்லை.

ஜனங்களைக் குறைகூறாமல் அவர்கள் இருக்கும் இடத்துக்கே வைத்தியத்தைக் கொண்டுபோனவர்கள் நம்மிடையே உண்டு. தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993ஆம் ஆண்டில் ஒரு குடிசையில் வைத்தியத்தைத் தொடங்கியபோது, அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் ஆண்டிலேயே இறந்துகொண்டிருந்தன. அந்த மலைப்பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, ஊர்தோறும் அனுப்பிய பிறகு அந்த எண் பல மடங்கு குறைந்தது. மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் செய்ததும் ஏறத்தாழ இதுவே. கிராமத்துப் பெண்கள் வீடு தேடிச் சென்று, சிசுவை நிறுத்துப் பார்த்து, உடம்பு குளிராமல் காத்து, சீழ்த்தொற்றின் அறிகுறி கண்டால் ஊசி மருந்தும் கொடுத்ததன் பயனாக, பிறந்த முதல் மாதத்தில் நேரும் மரணங்கள் 62 சதவீதம் குறைந்தன என்பதை 1999ஆம் ஆண்டில் லான்செட் பத்திரிகை வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு முதல் மத்திய அரசாங்கமும் இம்முறையைத் தழுவி, ஆஷா பணியாளர்களை வீடுகளுக்கு அனுப்பிவருகிறது.

மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அந்த விதி காகிதத்தில் இருந்தால் போதாது. அங்கே நியமிக்கப்படும் கிராம சுகாதார செவிலியர் அங்கேயே குடியிருக்கும்படி தண்ணீரும் மின்சாரமும் பூட்டும் கதவும் உள்ள ஒரு வீட்டை அவருக்குக் கொடுக்கவேண்டும். எந்தப் பெண்ணுக்கு இரத்தம் குறைவு, எவளுக்கு முதல் பிரசவத்தில் சிக்கல் நேர்ந்தது, யாருடைய புருஷன் ஊரில் இல்லை என்பதெல்லாம் அடிவாரத்திலிருந்து மாதம் ஒருமுறை ஏறிவருகிறவருக்குத் தெரியாது.

சுகாதார அமைச்சர் அவர்களுக்கு என் விண்ணப்பம் இது: காத்திருப்பு அறைக்கு வரும் தாயுடன் துணைக்கு வருகிறவருக்கு, அங்கே தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவ்வூர் விவசாயக் கூலியை அன்றன்றே கையில் கொடுக்க வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பை ஏற்படுத்துங்கள், கூடவே வரும் சிறு பிள்ளைகளுக்கும் பாயும் சோறும் உண்டு என்று ஒரே வரியில் உத்தரவு போடுங்கள், அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் இவ்விரண்டையும் செய்யுங்கள்.