வழி காட்ட வேண்டியவர் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார்

பள்ளிக்கூடங்களில் 'கேரியர் கைடன்ஸ்' என்று ஒரு நாள் வைக்கிறார்கள். போபாலில் நம்மவர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளிலும் உண்டு. ஹாலில் பேனர், மேடையில் டை கட்டிய ஒருவர், கடைசியில் 'ஸ்காலர்ஷிப் டெஸ்ட்' ஃபாரம். பேசுகிறவர் யாரென்று பார்த்தால் கோச்சிங் சென்டரின் விற்பனை ஆள்! அதே பள்ளியின் பிசிக்ஸ் டீச்சர் என்ன செய்கிறார்? பிள்ளைகளை வரிசையாக உட்கார வைக்கிறார்.

எனக்குக் கோபம் இதில்தான். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கோச்சிங்கில் சேர்க்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பொடிசுகளும் உட்கார்ந்திருக்கின்றன.

(அடியேன் பி.காம். சயின்ஸ் பற்றிப் பேச உனக்கென்னய்யா அருகதை என்பவர்களுக்கு: காசுக் கணக்கு பேச அருகதை உண்டு.)

கல்விக் கடன் கேட்டு வரும் அப்பாக்களை எத்தனையோ பார்த்தாயிற்று. ஊரிலுள்ள வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கத் தயாராக வருவார்கள். பையனிடம், "தம்பி, இந்தக் கோர்ஸை ஏன் எடுத்தே?" என்றால் அவன் அப்பா முகத்தைப் பார்ப்பான். ஐசர் தெரியுமா என்றால் இரண்டு பேரும் முழிப்பார்கள். ஐசர் போபால் 2008-ல் ஆரம்பித்தது சாமி, இதே ஊரில், பௌரியில்! நாடு முழுக்க ஏழு ஐசர்கள். ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ்., தனி நுழைவுத் தேர்வு. புவனேஸ்வரில் நைசர். நம் சென்னைக்குப் பக்கத்திலேயே சிறுசேரியில், கணக்கில் பைத்தியமான பிள்ளைகளுக்கென்றே சி.எம்.ஐ.

போர்டு தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிக்கப் போகிறவர்களுக்கு 'இன்ஸ்பயர்' உதவித்தொகை வருடத்துக்கு 80,000 ரூபாய். ஐந்து வருடம் என்றால் நாலு லட்சம். பிஎச்.டி. என்றால் இன்னும் ஆறு வருடம் அப்பா பணம் கட்ட வேண்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆமாம், நல்ல சம்பளம் தாமதமாகத்தான் வரும். எல்லோருக்கும் இது ஒத்துவராது. ஆனால் தெரிந்து வேண்டாமென்பது வேறு, தெரியாமலே போவது வேறு.

இதையெல்லாம் கோச்சிங்காரர் சொல்ல மாட்டார், அவருக்கு அதில் வரும்படி இல்லை. சொல்ல வேண்டியவர் டீச்சர். அவருக்கு யார் சொல்கிறார்கள்? எந்த ஆய்வுக்கூடத்தையாவது அவர் கடைசியாகப் பார்த்தது எப்போது? தேர்தல் வேலைக்கும் ஆண்டு விழாவுக்கும் அனுப்ப நாள் கிடைக்கிறது, இதற்குக் கிடைப்பதில்லை. அடல் டிங்கரிங் லேபுக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை அரசு கொடுக்கிறது. த்ரீ-டி பிரிண்டர் வந்துவிடும். அதை இயக்கும் ஆசிரியருக்கு நேரம்?

நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். இதே மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் ஆரம்பித்தார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து வாத்தியார்களோடு உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் கையால் சோதனை செய்து படித்தார்கள். பிறகு ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று நடத்தி, பல மாவட்டங்களுக்குப் பரவியது. 2002-ல் மாநில அரசு ஒரே உத்தரவில் மூடிவிட்டது. வாத்தியாரை விஞ்ஞானியோடு உட்கார வைக்க அன்றைக்குக் கிராமத்தில் முடிந்தது. ஊருக்குள்ளேயே ஐசர் இருக்கும்போது, இத்தனை ஃபீஸ் வாங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு முடியாதா?

பெற்றோர்களே, நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பி.டி.எம்.மில் 'மார்க் ஏன் குறைந்தது' என்று டீச்சரைக் குடைகிறோம். 'என் பெண் எதில் ஆர்வமாக இருக்கிறாள்' என்று கேட்பதில்லை. அடுத்த முறை கேளுங்கள். அப்படியே பிரின்சிபால் அறைக்குப் போய், கோச்சிங்காரருக்கு ஹால் கொடுக்கும் அந்த ஒரு நாளில், சயின்ஸ் டீச்சர்களை பௌரிக்கு பஸ் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். பஸ் செலவு பள்ளிக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் பெற்றோர் பங்கு போட்டுக்கொள்ளலாம். என் பங்கு தயார்.