ஏசியது போதும், கூட்டத்துக்கு இடம் கொடு!



சம்பளத்தன்று தவறணை வாசலில் நிற்பவனைப் பார்த்து, "தோட்டத்தான் குடித்தே அழிவான்" என்கிறார்கள். தேர்தல் வந்தால் அவர்களே லயத்துக்கு லயம் போத்தல் இறக்குகிறார்கள். குடியை விட நினைப்பவனுக்கு வழிகாட்டத்தான் ஆளில்லை. ஊர்வலத்துக்கு மட்டும் அவனைத் தேடும் நம் தலைவர்மாரும் இதற்குப் பொறுப்பு.

வழி இருக்கிறது. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கியதில் பிறந்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. சந்தா இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, குடியை விட விருப்பம் இருந்தால் போதும். இலங்கையிலும் கூட்டங்கள் உண்டு. ஆனால் டவுனுக்குப் போய்வர பஸ் காசு வேண்டும். வேலை நாளென்றால் ஒரு பேரும் போய்விடும்.

ஆகவே நிர்வாகத்திடம் கேட்கிறோம்: ஞாயிறு மாலை ஒரு மணிநேரம் பிள்ளை மடுவத்தைத் திறந்து விடு! பேச்சு தமிழில் நடக்கட்டும். துரையானாலும் தலைவரானாலும் வேடிக்கை பார்க்க வரக்கூடாது. குடியை விட வந்தால் வரலாம். அங்கே பேசியது பிரட்டுக்களத்துக்குப் போகக்கூடாது.

ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பிறகு கூட்டத்துக்கு.

போராடி வாங்கிய சம்பள உயர்வு தவறணைக்கே போனால், வென்றது யார்?