மூடிய கதவுக்குள் தப்பிய குற்றங்கள்

மியன்மாரின் இராணுவப் புலனாய்வை இருபது ஆண்டுகள் தன் கைக்குள் வைத்திருந்த ஜெனரல் கின் யுண்ட், 2003இல் நாட்டின் பிரதமரும் ஆனார். அடுத்த ஆண்டு ஒக்டோபரில், உடல்நலக் குறைவால் அவர் ஓய்வுபெறுகிறார் என்று அரசு அறிவித்தது. உண்மையில் அவரை வீழ்த்தியவர்கள் சக ஜெனரல்கள். சில நாட்களுக்குள் தேசியப் புலனாய்வுப் பணியகம் கலைக்கப்பட்டது. அதிகாரிகள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள். அவர்களுக்கான வழக்குகள் யாங்கூனின் இன்செய்ன் சிறைச்சாலைக்குள்ளேயே நடந்தன. பத்திரிகையாளர் எவருக்கும் அங்கே இடமில்லை. 2005 ஜூலையில் கின் யுண்டுக்கு 44 ஆண்டு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது தெரியவந்தது. அவர் வீட்டுக்காவலில் இருந்தார்; அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் பலர் சிறைக்குள் போனார்கள். சாட்டப்பட்ட குற்றம் லஞ்சமும் ஊழலும்.

அவர்கள் வெட்டிய குழியில் அவர்களே விழுந்தார்கள், அதற்கு நாம் ஏன் இரங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இன்செய்ன் சிறையில் மாணவர்களையும் துறவிகளையும் அடைத்து வதைத்த அமைப்பு அது. ஆனால் அந்த வழக்கில் அதிகம் இழந்தவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் அல்லர், வதைபட்டவர்கள்தான். 2004 நவம்பரில் இராணுவ அரசு, புலனாய்வுப் பணியகத்தின் முறைகேடான செயல்களால் சிறைப்பட்டவர்கள் எனச் சொல்லி, முதல் அறிவிப்பில் மட்டும் 3,937 பேரை விடுவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அரசியல் கைதிகள் அல்லர் என்பது வேறு விடயம். பணியகம் மனிதர்களை முறைகேடாகச் சிறையில் தள்ளியது என்று அரசே ஒப்புக்கொண்டது அல்லவா? அப்படியானால் குற்றப்பத்திரிகையில் முதல் வரியாக அதுவல்லவா இருந்திருக்க வேண்டும்? இருக்கவில்லை. சித்திரவதையை விசாரித்தால் உத்தரவிட்டது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி தீர்ப்பு எழுத வைத்தவர்களின் வாசலிலேயே போய் நிற்கும். லஞ்சத்துக்கு அந்த ஆபத்து இல்லை. கதவை மூடியதற்குக் காரணம் அதுதான். புலனாய்வுக்கும் இராணுவப் பாதுகாப்பு விவகாரம் என்ற புதுப்பெயர் கிடைத்தது, வேலை தொடர்ந்தது.

நம் நாடான இலங்கையிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா 2010 பெப்ரவரியில் கைதாகி, இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். ஊடகங்களுக்கு அனுமதியில்லை. சீருடையில் இருந்தபோது அரசியலில் ஈடுபட்டது ஒரு வழக்கு, ஆயுதக் கொள்வனவு முறைகேடு இன்னொன்று. இரண்டாவதில் 30 மாதச் சிறை. 2009இல் போரின் இறுதியில் வன்னியில் நடந்ததைப் பற்றி அவரிடமும் அவருக்கு மேலே இருந்தவர்களிடமும் தமிழர்கள் கேட்க விரும்பிய எதுவும் அந்த இரு வழக்குகளிலும் இல்லை.

புலனாய்வுக்காரரைத் திறந்த மன்றில் விசாரித்தால் நாட்டின் இரகசியம் வெளியேறிவிடும் என்பது அரசுகள் வழக்கமாகச் சொல்லும் காரணம். உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் வழக்கு இதற்குப் பதில். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்ததும், அது யார் யார் கையில் தூங்கியது என்பதும் உயர் நீதிமன்றத்தில் வெளிப்படையாகவே ஆராயப்பட்டன. 2023 ஜனவரியில் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவர் நிலந்த ஜயவர்தன 75 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பு வந்தது. அதனால் நாட்டின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை. பர்மாவில் (இன்றைய மியன்மாரில்) நடந்ததோ நேர்மாறு. 1983இல் அங்கே அன்றைய புலனாய்வுத் தலைவர் டின் ஊவும் அவர் ஆட்களும் களையெடுக்கப்பட்டார்கள்; புலனாய்வு பலவீனமானது. அதே ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி ரங்கூனில் (இன்றைய யாங்கூனில்) வடகொரிய உளவாளிகளின் குண்டு தென்கொரிய அமைச்சர்கள் நால்வர் உட்பட 21 பேரைக் கொன்றது.

திறந்த நீதிமன்றம் மட்டும் என்ன கிழித்தது என்று ஊவா மாகாணத்தில் ஒருவர் கேட்டால் கோபப்பட முடியாது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ்க் கைதிகள், பொலிஸார் பார்த்து நிற்க, அடித்தும் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். வழக்கு திறந்த மன்றில்தான் நடந்தது. 2005இல் உயர் நீதிமன்றம், தண்டிக்கப்பட்டவர்களில் எஞ்சியவர்களையும் விடுவித்தது. அந்தக் காயம் ஆறவில்லை. ஆனாலும் அங்கே யார் சாட்சி சொன்னார், எந்தக் காரணத்துக்காக விடுதலை கிடைத்தது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் பிழை என்று நம்மால் காரணத்தோடு சொல்ல முடிகிறது. இன்செய்ன் தீர்ப்பைப் பிழை என்றோ சரி என்றோ சொல்ல எவரிடமும் ஒரு தாள்கூட இல்லை.

1962ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 27ஆம் திகதி இலங்கையில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலரின் சதி முறியடிக்கப்பட்டது. அரசு அவர்களுக்கென்றே பின்னோக்கிச் செல்லும் சட்டமொன்றை இயற்றியது; நீதிபதிகளையும் அமைச்சரே நியமித்தார். அந்த நீதிபதிகளே தங்கள் நியமனம் செல்லாது என்றார்கள். பிறகு 11 பேர் தண்டிக்கப்பட்டபோதும், 1965 டிசம்பரில் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டத்தையே செல்லாதென்று தள்ளியது. இலங்கைச் சதிக்கு ஐந்தே வாரங்கள் பிந்தி, 1962 மார்ச் 2ஆம் திகதி, பர்மாவில் ஜெனரல் நே வின்னின் சதி வென்றது. பிரதம நீதியரசர் சிறைக்குப் போனார்; உயர் நீதிமன்றமே ஒழிக்கப்பட்டது. அன்று மூடிய கதவுதான் பின்னாளில் கின் யுண்டின் முகத்திலும் அறைந்தது.

ஊவாவின் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் உள்ளவர்களுக்கு இது தூரத்து நாட்டுக் கதை அல்ல. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. அது வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்திட்ட தமிழ் இளைஞர்கள் எத்தனையோ பேர். நீதிமன்றக் கதவு திறந்திருந்தும், அவர்கள் வழக்கு பொலிஸ் அறைக்குள்ளேயே முடிந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் இடத்தில் எந்தப் புதுச் சட்டம் வந்தாலும், பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது என்ற வரி அதில் இருக்கிறதா என்று மலையகப் பிரதிநிதிகள் முதலில் பார்க்க வேண்டும்.

கின் யுண்ட் 2012 ஜனவரி 13ஆம் திகதி விடுதலையானார். இன்செய்ன் சிறைக்கூடங்களில் நடந்ததைப் பற்றி இன்றுவரை எந்த நீதிமன்றமும் அவரிடம் கேட்கவில்லை.