செக்ரோல் ஏடுகள் தொடர்பில் எமது நிலைப்பாடு

தோட்டக் காரியாலயத்தில் செக்ரோல் ஏடுகள் இருந்த பின்கட்டு அறையைக் காலி செய்யும் முடிவு பற்றி உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரியும். நாம் அனுப்பிய கடிதங்களும் தெரியும், அவற்றுக்குப் பதில் வராததும் தெரியும், கடைசியில் லொறி வந்ததும் தெரியும். அதையெல்லாம் மறுபடி எழுதப் போவதில்லை. இரண்டு கூட்டங்களில் பேசி, இரண்டாவதில் நள்ளிரவு தாண்டியும் பேசி, எட்டிய நிலைப்பாட்டை மட்டும் இங்கே வைக்கிறோம்.

பழைய துரை பங்களா உல்லாச விடுதியாவதில் எமக்குக் கொள்கையளவில் மறுப்பில்லை. பார்க்க அழகான தோலட்டை ஏடுகளில் ஒரு டசின் விடுதியின் சாப்பாட்டு மண்டபத்து அலுமாரிக்குப் போகின்றனவாம். மிச்சம் பழைய கடதாசிக்காரருக்கு, கிலோ கணக்கில். இந்த ஏடுகள் உரிய கலந்தாலோசனையின்றி அகற்றப்படக் கூடாது என்பது எமது நிலைப்பாடு. முதல் வரைவில் "எக்காரணம் கொண்டும்" என்றிருந்தது. "உரிய கலந்தாலோசனையின்றி" என்பது பெரும்பான்மையின் சொல்.

செக்ரோல் என்றால் என்ன என்று எம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த அறிக்கையைக் கொழும்பிலும் சிலர் வாசிப்பார்கள். இடது ஓரத்தில் தொழிலாளியின் பெயரும் இலக்கமும். அங்கிருந்து வலப்புறமாக ஒன்று முதல் முப்பத்தொன்று வரை கட்டங்கள். வேலைக்கு வந்த நாளில் ஒரு கோடு, கொழுந்து நிறை போதாத நாளில் அரை. கடைசியில் அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்த காசு. எங்கள் பேச்சில் ஒரு நாள் சம்பளத்துக்கே "பேர்" என்றுதான் பேர். பாதி நாளுக்கு அரைப்பேர். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை தன் பொக்கெட் செக்ரோலில் குறித்ததை, மாலையில் ஆபிஸ் கிளாக்கர் பெரிய ஏட்டில் ஏற்றுவார்.

லொறி வந்த அன்று எமது இரண்டு உறுப்பினர்கள் கீழே விழுந்து கிடந்த ஓர் ஏட்டுக்கட்டைத் தூக்கி வந்தார்கள். அதில் ஒரு பெண்ணின் வரி. மாதத்தின் பத்தொன்பதாம் நாள் வரை விடாமல் கோடு, இருபதில் அரை, அதன்பின் வெறுங்கட்டங்கள். அடுத்த மாதப் பக்கத்திலும் வெறுமை. அதற்கடுத்த மாத நடுவில் மறுபடி கோடு தொடங்குகிறது. கைப்பிள்ளையோடு வந்திருப்பாள் என்று கூட்டத்தில் இருந்த பெண்கள் உடனே சொன்னார்கள். ஆண்கள் அதுவரை காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் பெயரைக் கிளாக்கர் மூன்று பக்கங்களில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார். அந்தப் பெயரை இங்கே போடவில்லை. பேரப்பிள்ளைகள் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பெர்குசன் டிரெக்டரியில் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரும் ஏக்கரும் உரிமையாளரும் துரையும் உண்டு. நூலகங்களில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், வைக்கட்டும். எமது பாட்டிகளின் பெயர் அதில் கிடையாது. அவர்களின் பெயரைத் தாங்கிய கடதாசி இந்தக் கடதாசிதான்.

இது வெறும் ஞாபகப் பொருளும் அல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் எம்மை நாடற்றவராக்கியது. 1949 இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் பிரசாவுரிமை கேட்டவர்கள், 1946 ஜனவரி 1 க்கு முன் இங்கே இடைவிடாமல் வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. மணமானவருக்கு ஏழு ஆண்டு, மணமாகாதவருக்குப் பத்து. லயத்துக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. வீட்டு இலக்கத்துக்கு வரும் கடிதமும் கிடையாது. எதைக் காட்டுவது? தோட்டத்து ஏட்டைத்தான். விண்ணப்பித்த பல இலட்சம் பேரில் பெரும்பாலானோர் தள்ளப்பட்டார்கள். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்தவர்களையும் அவர்களின் வழிவந்தவர்களையும் பற்றியே பேசுகிறது. அந்த நாளில் எமது பெற்றோர் எங்கே நின்றார்கள் என்பதைத் தோட்டத்து ஏட்டை விட்டால் வேறு யார் சொல்வது? இன்றைக்கும் அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், ஊழியர் சேமலாப நிதியில் இன்னொன்று என்று கந்தோர் கந்தோராக அலைகிறவர்கள் எமது உறுப்பினர்களிலேயே இருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட உதவக்கூடிய ஏட்டைத்தான் கிலோ விலைக்குப் போடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரு மனுசியிடம் "அத்தாட்சி எங்கே, அத்தாட்சி எங்கே" என்று கேட்டுவிட்டு, அவள் அத்தாட்சியைக் கச்சான் சுற்றக் கொடுப்பதற்கு என்ன பெயர் வைப்பது? (இந்த வசனத்தை நீக்கும்படி செயலாளர் கேட்டார். நீக்கவில்லை.)

ஏடுகள் கம்பனியின் சொத்து என்கிறார்கள். 1975 இல் இந்தத் தோட்டம் அரசின் கைக்குப் போனது. 1992 இல்தான் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளின் ஏடுகள் 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டத்தின் கீழ் பொதுப் பதிவேடுகளாகவே கொள்ளப்பட வேண்டும் என்பது எமது புரிதல். சட்டத்தரணிகளிடம் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை இதற்கு மேல் அழுத்திச் சொல்வது பொருத்தமன்று எனக் குழு கருதுகிறது.

புகைப்படங்கள், காமன் கூத்து ஏடுகள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், தொழிற்சங்க முன்னோடி நடேசய்யர் காலத்துப் பத்திரிகைகள் ஆகியனவும் பேணப்பட வேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டுத் திரட்டியிராவிட்டால் எமது பாட்டுகளில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடுகிறோம்.

எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தேசிய சுவடிகள் கூடமே பாதுகாப்பானது என்றார்கள் சிலர். பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், ஒரு நாள் பேரை இழந்து, எந்த மொழியில் கேட்பது என்று வாசலில் தயங்கி நிற்கும் ஒருவருக்கு அது திறந்திருந்தும் பூட்டியதுதான் என்றார்கள் மற்றவர்கள். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே 2007 முதல் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் இயங்குகின்றன. மலையிலேயே செய்ய முடியும் என்பதற்கு அது போதும். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் பேணி வருகிறது. 1981 இல் யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்ததைக் கேள்விப்பட்ட எவரும் ஒரே ஒரு பிரதியை ஒரே ஒரு கட்டடத்தில் வைக்க மாட்டார். ஆகவே மூல ஏடு மலையகத்தில், மின்பிரதி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் என்பது, இயன்றவரை, எமது கோரிக்கை.

எவரும் வந்து எதையும் பார்க்கலாமா? இதில்தான் கூட்டம் நீண்டது. சில பழைய ஏடுகளில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. அதை மறைத்தால் சரித்திரத்தைத் திருத்துகிறோம் என்றார் ஒருவர். மறைக்காவிட்டால் நாளைக்கே கலியாணப் பேச்சில் இந்த ஏட்டை விரிப்பான் என்றார் இன்னொருவர். இருவரும் சொன்னது சரி. குடும்பத்தாருக்குத் தம் வரி முழுதாக, ஆய்வாளருக்கு நிபந்தனையுடன், மின்பிரதியில் அந்த நிரல் "பொருத்தமான காலம் வரை" மூடி. எவ்வளவு காலம் என்பது முடிவாகவில்லை.

ஏட்டுக்கட்டு கிடைத்தவர்களுக்கு: ஈரமான ஏட்டை வெயிலில் காயப் போடாதீர்கள், நிழலில் காற்றாட வையுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். லெமினேட் செய்யவே வேண்டாம். இலக்கமிடுவதென்றால் பென்சிலால்.

லொறி மறுபடி வரும் என்று தெரிகிறது. வந்தால் வழிமறிக்க வேண்டாம். இலக்கத்தைக் குறித்துக்கொண்டு உடனே செயலாளருக்கு அறிவியுங்கள். "வழிமறிக்க வேண்டாம்" என்பது மூன்றுக்கு நான்கு என்ற வாக்கில் சேர்க்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்தவர்கள் அதையும் இங்கே பதியச் சொன்னார்கள்.

நிர்வாகக் குழு