ஏவுவோர் இல்லாத வினை

தலைவர் இல்லாத நாள்களில்தான் ஊராட்சி ஒழுங்காக நடக்கிறது என்று சொல்வோர் இலக்கிய நண்பர்களிடையே பெருகி வருகின்றனர். நன்கு படித்தவர்கள், ஊழலை மனமார வெறுப்பவர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவரைவிட அலுவலர் கையில் முடிவெடுக்கும் அதிகாரம் இருப்பதே நன்று என்பது அவர்கள் கட்சி. அதை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

கருத்தா இருவகை என்று இலக்கண வகுப்பில் கற்றிருப்போம். கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்றால் கரிகாலன் ஏவுதற் கருத்தா. கல் சுமந்தவன் இயற்றுதற் கருத்தா. மன்றம் ஏவ, அலுவலர் இயற்றுவதே அதிகார ஒப்படைப்பு. அதில் எனக்குப் பிணக்கில்லை. தெருவிளக்கு ஒன்றை மாற்றுவதற்கு மன்றத்தைக் கூட்ட வேண்டியதில்லை. வாய்க்காலில் ஷட்டரைத் தூக்குபவர் லஸ்கர்தான்; ஆனால் எந்த ஊருக்கு எந்த நாளில் முறை என்பதையும் அவரே வகுத்துக்கொண்டால் கடைமடை விவசாயி ஒப்புவாரா? கொடுத்தவர் கேட்கவும் வேண்டும், தேவைப்பட்டால் திரும்பப் பெறவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதபோது அது ஒப்படைப்பு ஆகாது, பறிப்பு.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது இரண்டாவது வகை. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். தஞ்சை மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. தஞ்சாவூரும் கும்பகோணமும் 2022 பிப்ரவரி வரை, அதாவது ஐந்தாண்டுகளுக்கும் மேலாக, மன்றமின்றி இருந்தன. ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது அதே கதை மீண்டும் தொடங்கியது. இம்மாவட்டத்தில் 589 ஊராட்சிகள், 14 ஒன்றியங்கள். வகுத்துப் பாருங்கள்: ஒன்றியத்துக்குச் சராசரி 42 ஊர்கள். அத்தனை ஊருக்கும் தலைவராக ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் அமர்வதைத்தான் நண்பர்கள் திறமையான நிர்வாகம் என்கிறார்கள்.

காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 243 இ பிரிவு. வார்டு மறுவரையறை போன்ற பணிகளைக் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போடலாகாது என்று 2006இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. ஆயினும் ஆட்சிகள் மாறின, சாக்குகள் மாறவில்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் 2018 நவம்பர் 16ஐ நினைத்துப் பார்க்கட்டும். கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அன்று இம்மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர்கூட இல்லை. அலுவலர்களும் மின்வாரியத் தொழிலாளர்களும் இரவு பகலாக உழைத்தனர். அதை மறுப்பது நன்றி கொன்ற செயல். ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் குடிநீர், யார் பெயர் பட்டியலில் விடுபட்டது என்று ஒருவரைக் கைப்பிடித்து நிறுத்திக் கேட்க ஊருக்குள் யார் இருந்தார்? நாளை வேறு ஒன்றியத்துக்கு மாற்றலாகிப் போகிறவரிடமா கேட்பது?

தலைவர்கள் ஊழல் செய்கிறார்கள், சாதி பார்க்கிறார்கள், மனைவியை நாற்காலியில் அமர்த்திவிட்டுக் கணவர் ஆள்கிறார் என்பன எதிர்வாதங்கள். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மருந்து என்ன? மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டியை நினைவூட்ட விரும்புகிறேன். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை அங்கே தேர்தல் முறையாக நடக்க முடியவில்லை. அப்பத்தாண்டும் அதிகாரம் அலுவலர் கையில்தான் இருந்தது. ஆதிக்கச் சாதியினருக்கு அதில் என்ன இழப்பு? அவர்கள் விரும்பாத ஒருவர் அந்த நாற்காலியில் அமராமல் இருந்ததே அவர்கள் வெற்றி. அலுவலர் ஆட்சி சாதிக்கு மருந்தாகவில்லை; சாதிக்கு வசதியாயிற்று. மன்றம் மறையும்போது முதலில் வெளியேறுபவர்கள் ஒதுக்கீட்டால் உள்ளே வந்த பெண்களும் தலித்துகளுமே. கணவரின் நிழலில் அமர்ந்த பெண்ணும் இரண்டாம் ஆண்டில் கணக்குக் கேட்கக் கற்றுக்கொள்வார். நாற்காலியே இல்லையெனில் எங்கே கற்பது?

உத்திரமேரூரைச் சொல்லிப் பெருமைப்படுவோருக்கும் ஒரு சொல். முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) அக்கல்வெட்டுகள் காட்டுவது நிலமுடைய பிராமணர்களின் சபை. உழுதவனுக்கு அங்கே இடமில்லை; அதை மக்களாட்சி என்று கொண்டாட எனக்கு மனமில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. சபை விதி வகுத்தபோது அரசனின் அலுவலர் உடனிருந்தார். ஆனால் ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளக் குடவோலையால் வாரியங்களே தெரிந்தெடுக்கப்பட்டன. கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்று விதித்தார்களே தவிர, குடத்தை உடைத்துவிடவில்லை.

எனவே நண்பர்கள் அலுவலரின் திறமையைப் புகழட்டும். நானும் சேர்ந்து புகழ்வேன். மன்றம் எழுத்தில் கொடுக்கும் அதிகாரத்தை அவர் செலுத்தட்டும், கிராம சபையில் கணக்குச் சொல்லட்டும். மன்றமே இல்லாத இடைக்காலத்தில் அன்றாடப் பணிக்கு அப்பால் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் அடுத்து வரும் மன்றத்தின் முன் வைக்கப்பட்டு, ஏற்கவோ தள்ளவோ படவேண்டும். அந்த மன்றமும் உரிய நாளில் வரவேண்டும். இவ்வளவையும் ஏற்காமல் ‘தனி அலுவலரே போதும்’ என்பவர்கள், தம் ஊர் மக்களுக்குத் தம்மைத் தாமே ஆளும் தகுதி இல்லை என்றே நம்புகிறார்கள். அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டால் மேற்கொண்டு வாதிடுவது எளிது.