உத்திரமேரூரா, லண்டனா? அரசியலமைப்பு எங்கே பிறந்தது என்ற சண்டையில் நாம் கேட்க மறந்த கேள்வி

ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு ஃபார்வர்டுகள் தவறாமல் வந்து விழும். ஒன்று, "நம்ம அரசியலமைப்பே வெள்ளைக்காரன் 1935-ல போட்ட சட்டத்தோட காப்பிதான்." இன்னொன்று, "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல தேர்தல் நடத்தினவன் தமிழன். நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்." முதலாவதை அனுப்புவது சித்தப்பா. இரண்டாவது பெரியப்பா. மதியச் சாப்பாடு வரை சண்டை ஓடும்.

யார் சொல்வது சரி? இரண்டு பேரும் பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

காப்பி என்பது உண்மையா?

ஓரளவு உண்மை. ஆளுநர் பதவி, மத்திய - மாநில அதிகாரப் பட்டியல்கள், நெருக்கடி நிலை என்று பலவற்றின் சட்டகம் 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்ததுதான். நாடாளுமன்ற முறை பிரிட்டனிலிருந்து வந்தது. அடிப்படை உரிமைகளுக்கு அமெரிக்கா முன்மாதிரி. அரசுக்கான வழிகாட்டும் நெறிமுறைகளுக்கு அயர்லாந்து.

இந்தக் குற்றச்சாட்டும் புதுசு இல்லை. அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. வீணை இசை கேட்க வந்தால் இங்கிலீஷ் பேண்டு வாசிக்கிறார்களே என்ற பொருளில் ஆதங்கப்பட்டார் கே. ஹனுமந்தையா. அம்பேத்கர் இதற்கு 1948 நவம்பர் 4-ம் தேதியே பதில் சொல்லிவிட்டார். கடன் வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை என்பது அவர் பதிலின் சாரம்.

எங்கள் ஊர் திருமலை, ஆரணி பக்கம். ஆரணிப் பட்டு எங்கே பிறந்தது என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. அதற்காக யாரும் அதை சூரத் சேலை என்று சொல்வதில்லை. தறியில் உட்கார்ந்து நெய்தது ஆரணிக்காரர்கள். ஆரணிப் பட்டு என்ற பெயரில்தான் புவிசார் குறியீடும் இருக்கிறது.

1935 சட்டத்துக்கும் 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் இங்கேதான் இருக்கிறது. 1935 சட்டப்படி ஓட்டுப்போட வேண்டுமென்றால் சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி வேண்டும். கூலிக்கு நெய்த பெரும்பாலானவர்களுக்கு அது கிடையாது. 1951-52 பொதுத்தேர்தலில் சுமார் 17.3 கோடி வாக்காளர்கள். 21 வயது ஆகியிருந்தால் போதும், வேறு எந்தத் தகுதியும் கேட்கவில்லை. நூல் வெளியூர் நூலாக இருக்கலாம். நெய்த சேலை வேறு.

உத்திரமேரூர் கல்வெட்டு என்ன சொல்கிறது?

பெரியப்பாவின் பெருமைக்கும் காரணம் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட விதிகள் ஆச்சரியமானவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரிக்க வேண்டும். தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்க வேண்டும். வாரியத்தின் காலம் ஒரு வருஷம்தான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கும் அவர்களின் உறவினர்களுக்கும் இடம் கிடையாது. இன்றைய அரசியல்வாதிகள் கேட்டால் வியர்த்துவிடும்.

ஆனால் அதே சுவரில் இன்னும் சில வரிகள் உண்டு. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-லிருந்து 70-க்குள். வேதப் படிப்பு வேண்டும். உத்திரமேரூர் அப்போது பிராமணர்களுக்குத் தரப்பட்ட சதுர்வேதிமங்கலம். பெண்களுக்கும், நிலம் இல்லாத உழவர்களுக்கும், நெசவாளர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

கல்வெட்டைப் பாதி படிக்கும் பழக்கம் நமக்கு நிறையவே உண்டு. எங்கள் ஊர் மலையில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கங்கை வரைக்குமான அவர் வெற்றிகள் வரிசையாக வரும். ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வது அந்தப் பகுதியைத்தான். ஆனால் கல்வெட்டு வெட்டப்பட்டது வேறு விஷயத்துக்காக. ஒரு வணிகரின் மனைவி இங்கிருந்த குந்தவை ஜினாலயத்துக்கு விளக்குக்கும் படையலுக்கும் கொடுத்த கொடை அதில் பதிவாகியிருக்கிறது. ராஜாவைத் தேடிப் போகிறவர் கண்ணில் அந்தப் பெண் படுவதில்லை.

அமெரிக்காவிலும் இதே சண்டைதான்

1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அரசியலமைப்பைப் பற்றி அமெரிக்கர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எழுதியபோது சொற்களுக்கு என்ன பொருளோ அதுவே இன்றைக்கும் பொருள் என்கிறது ஒரு தரப்பு. காலத்தோடு பொருளும் வளரும் என்கிறது மற்றொரு தரப்பு. ஏதோ வகுப்பறை விவாதம் என்று நினைக்காதீர்கள். 2022-ல் கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, அந்த உரிமைக்கு நாட்டின் வரலாற்றில் ஆழமான வேர் இல்லை என்பதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

அங்கேயும் ஓர் உத்திரமேரூர் உண்டு. பூர்வகுடிகளான ஈரோக்வாய் கூட்டமைப்பிலிருந்துதான் அமெரிக்கக் கூட்டாட்சி யோசனை வந்தது என்ற வாதத்தை ஏற்று 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றமே தீர்மானம் போட்டது. ஆதாரம் போதாது என்று பல வரலாற்றாளர்கள் மறுக்கிறார்கள். ஆனால் அரசியலமைப்பை எழுதியபோது பூர்வகுடிகளுக்கு அந்த அவையில் நாற்காலி இல்லை. அடிமைகளை, பிரதிநிதித்துவக் கணக்குக்காக, ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணினார்கள். கௌரவம் தருவது சுலபம், இடம் தருவதுதான் கஷ்டம்.

நம் சபையில் நடந்தது என்ன?

1948 நவம்பர் 22. கிராமப் பஞ்சாயத்துகளை அரசு அமைக்க வேண்டும் என்ற திருத்தத்தை கே. சந்தானம் கொண்டுவந்தார். ஆதரித்துப் பேசிய டி. பிரகாசம் எடுத்துக்காட்டியது இதே உத்திரமேரூர் கல்வெட்டைத்தான். அதுவே அரசியலமைப்பின் 40-வது பிரிவானது.

அம்பேத்கருக்கு அந்தக் கிராமப் பெருமையில் நம்பிக்கை இல்லை. அறியாமையும் குறுகிய மனமும் சாதியும் குடிகொண்ட இடம் என்றே கிராமத்தைப் பார்த்தார். அதற்காக அவர் இந்திய வேர்களையே மறுத்தவர் அல்ல. 1949 நவம்பர் 25-ம் தேதி உரையில் பௌத்த சங்கங்களின் அவை நடைமுறைகளை அவரே நினைவுபடுத்தினார். கூடவே ஒரு கவலையும் சொன்னார். அந்த ஜனநாயகத்தை இந்தியா ஒருமுறை இழந்தது. மறுபடியும் இழக்குமா?

அவர் பயந்தது வீண் இல்லை. 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் ஊராட்சிப் பதவிகளில் இடஒதுக்கீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் 1996-ல் தேர்தல். மதுரை மாவட்டம் மேலவளவு தனி ஊராட்சியானது. 1997 ஜூன் 30-ம் தேதி அதன் தலைவர் முருகேசனும் மேலும் 5 பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் ஒழுங்காக ஒரு தேர்தல் நடத்த 2006 வரை 10 வருஷம் ஆனது. பட்டியல் சாதித் தலைவர்கள் தேசியக் கொடி ஏற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று 2022 ஆகஸ்டில்கூட தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

உத்திரமேரூரும் தமிழ் மண்தான். மேலவளவும் தமிழ் மண்தான். ஒன்றை மட்டும் ஃபார்வர்டு செய்ய முடியாது.

அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி எது?

2020 டிசம்பர் 10. டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, இந்திய ஜனநாயகத்தின் பழமைக்குச் சான்றாக உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். நாம் எல்லோரும் ஷேர் செய்தோம்.

அன்றைக்கு உத்திரமேரூரின் நிலைமை என்ன தெரியுமா? அது இன்று ஒரு பேரூராட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே அங்கே இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை குடத்தில் கைவிட்டு ஓலை எடுத்த ஊரில், 5 வருஷத்துக்கு மேல் அதிகாரிதான் எல்லாம்.

ஊராட்சிகளும் தப்பவில்லை. எங்கள் திருவண்ணாமலை உட்பட 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் பொறுப்பு மறுபடி தனி அலுவலர்களுக்குப் போனது. முதல் இடைவெளியின்போது இருந்தது ஓர் ஆட்சி, இரண்டாவதன்போது இருந்தது வேறோர் ஆட்சி. வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. தள்ளிப்போடக் கூடாது என்பதை 2006-லேயே உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தெருவிளக்கு எரியவில்லை, குடிதண்ணீர் வரவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது? ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தவரைச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் அலுவலரை அப்படிக் கேட்க முடியாது. அதுவும் தனித்தொகுதியிலும் பெண்கள் தொகுதியிலும் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு, தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான்.

அரசியலமைப்பு எங்கே பிறந்தது என்று வாதாடுவது தப்பே இல்லை. எனக்கும் பிடித்த வாதம்தான். ஆனால் அதன் பொருளைப் பிறந்த இடம் முடிவு செய்வதில்லை. யாருக்கு ஓட்டு கிடைத்தது, யார் நாற்காலியில் உட்கார முடிந்தது, அந்தத் தேர்தல் நேரத்துக்கு நடந்ததா என்பதுதான் முடிவு செய்கிறது.

அடுத்த ஜனவரி 26-க்கும் ஃபார்வர்டுகள் வரும். இந்த முறை சித்தப்பா பக்கமும் சேரப்போவதில்லை, பெரியப்பா பக்கமும் சேரப்போவதில்லை. ஒரே ஒரு வரிதான் டைப் செய்யப்போகிறேன்.

"பெரியப்பா, நம்ம ஊராட்சிக்குத் தேர்தலைக் கெடு தாண்டாம நடத்துவாங்களா?"