இருமல் வந்தால் நிறுத்தாதீர்கள், போய்ச் சொல்லுங்கள்

கோலா சுங்கை பாருவில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இரத்த அழுத்தத்துக்கான பெரின்டோபிரில் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. தோட்டத்தில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அக்கம்பக்கத்தார் இன்றும் பிரஷர் பார்க்க வருகிறார்கள். அளவு ஏறியிருந்தால் முதலில் மாத்திரையைப் பற்றித்தான் கேட்பேன். ரப்பர் மரம் சீவிய காலத்திலிருந்தே எனக்குத் தெரிந்த ஓர் அக்கா சொன்னார்: "அதைப் போட்டா ராத்திரி பூரா வறட்டு இருமல், தம்பி. நிறுத்திட்டேன்."

அந்த இருமல் உண்மையானது. அது ஏன் வருகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

நம் கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. முழுசாக இருக்கும்வரை அது சும்மாதான் சுற்றும். சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின் என்ற நொதி, அதிலிருந்து 10 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஒன்றை வெட்டி எடுக்கிறது. அதற்கும் பெரிய வலு கிடையாது. நுரையீரலின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் நிறைந்திருக்கும் ஏசிஇ என்ற இன்னொரு நொதி, அந்தப் பத்தில் இரண்டை நறுக்கி எட்டாக்கிய பிறகே அதற்கு உயிர் வருகிறது. குழாய்களை இறுக்கும், உப்பை வெளியேற விடாமல் உடம்பில் தேக்கும். காயம்பட்டு இரத்தம் கொட்டும் நேரத்தில் நம்மைக் காப்பாற்றுவதில் இதற்கும் பங்கு உண்டு. வருஷக்கணக்கில் ஓயாமல் இறுக்கினாலோ இதயமும் மூளையும் சிறுநீரகமும் அடிவாங்கும்.

ஏசிஇ நொதியைத் தடுக்கும் வழியைக் காட்டியது பாம்பு விஷம். பாம்பு கடித்தவர்களை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய என்னைப் போன்றவனுக்கு இது பெரிய வியப்பு. பிரேசிலின் ஜராராக்கா விரியன் விஷத்தில், பிராடிகைனின் என்ற பொருளின் வேலையைக் கூட்டும் ஒரு சத்து இருப்பதை செர்ஜியோ ஃபெரேரா 1965-இல் வெளியிட்டார். பிராடிகைனின் இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது. அதைச் சிதைப்பதும் இதே ஏசிஇ-தான். விஷத்திலிருந்த சத்து ஏசிஇ-யைக் கட்டிப்போடுகிறது என்பது பின்னர் தெளிவானது. அந்தத் தடத்தில் போய் ஒண்டெட்டி, குஷ்மன் என்ற இரு விஞ்ஞானிகள் கேப்டோபிரில் மருந்தை உருவாக்கினார்கள். 1981-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. நம் பெரின்டோபிரில் அதே குடும்பம்.

இருமலுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. நொதியை அடக்கினால் பிராடிகைனின் சிதையாமல் தேங்கும். தொண்டையும் நுரையீரலும் கூச்சமெடுக்கும். பெண்களுக்கும் ஆசியர்களுக்கும் இது அதிகம். கிளினிக்கில் சொன்னால் லோசார்டன் போன்ற வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். அது ஏசிஇ-யைத் தொடாமல், அந்த எட்டு அமினோ அமிலத் துண்டான ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் இடத்தை மறைப்பதால் இருமல் அநேகமாக வராது. பழைய இருமல் அடங்கச் சில வாரம் ஆகலாம். உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 100-க்கு 29 பேருக்கு உயர் இரத்த அழுத்தம். மருந்து உறையில் மலாயில் 'செக்காலி செஹாரி' (நாளுக்கு ஒருமுறை) என்று அச்சிட்டிருக்கிறது. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்து மரம் சீவப் போனவர்களுக்கு அந்த உறை எவ்வளவு பேசும்? "இதில் இருமல் வரலாம், வந்தால் நிறுத்தாமல் எங்களிடம் வாருங்கள்" என்று தமிழில் ஒரு வரி ஒட்டிக் கொடுக்க என்ன செலவாகும்? கிளினிக்குகள் செய்யத் தாமதமானால், கோயில் நிர்வாகங்கள் அன்னதான நாளில் ஒலிபெருக்கியில் சொல்லட்டும்.

பிள்ளைகளிடம் கேட்பது வேறு. மஸ்ஜித் தானாவுக்கோ அலோர் காஜாவுக்கோ அம்மாவை மருந்து வாங்க அழைத்துப் போகும்போது வாசலில் இறக்கிவிட்டு வராமல் கூடவே உட்காருங்கள். இருமலைச் சொல்லுங்கள். முட்டிவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையையும் மறைக்காமல் காட்டுங்கள். பிரஷர் மருந்தோடு சேர்ந்தால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். உப்பு மிகுந்த சின்சாலோக்கும் கருவாடும் வீட்டில் எவ்வளவு புழங்குகிறது என்பதையும் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்குமான இரத்தப் பரிசோதனை அடுத்து எப்போது என்று கேட்டு, தேதியை உங்கள் கைப்பேசியில் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.